பிறைத் தட்டும் மாட்டுங்கா கோப்பையும்

முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வரி நேராகப் போகாது. சொல்ல வந்ததை விட்டு வேறு எங்கேயாவது போய்விடுவேன். மறதியும் கூடிவிட்டது. ஆணத்துக்கு உப்புப் போட்டேனா என்பதை அடுப்படிக்குத் திரும்பிப் போய் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பம்பாயில் இருந்த மூன்று நாளை எழுதச் சொன்னது தம்பி மகள் சபீரா. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தப்பு இருந்தாலும் அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் போனது ஒரு சாசருக்காக.

அது எங்கள் உம்மா வீட்டுச் சாசர். உம்மாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது கொண்டுவந்தது என்பார்கள். அதன் கோப்பை வழியில் உடைந்ததா, வாங்கவே இல்லையா, யாருக்கும் தெரியாது. விளிம்பைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி. அதில் பதினொரு பேர் வட்டமாக நிற்கிறார்கள். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்ட துரை, குடையை மடக்கிவிட்ட துரைசாணி, அப்பன் தோளில் ஏறிய பிள்ளை, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நிற்கும் ஒருவன், இன்னும் சிலர். ஒரு நாயும் உண்டு. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாயும் பார்க்கிறது. எதைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் சாசரில் இல்லை. கோப்பை உட்காருகிற நடு இடம் வெறும் வெள்ளை.

எங்கள் வீட்டில் இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஊரே கூடி நின்று அண்ணாந்து பார்ப்பது எதை? பிறையைத்தான். அதனால் அதற்குப் பிறைத் தட்டு என்று பெயர். நோன்புப் பிறை பார்க்கும் சாயங்காலம் அதையும் மொட்டை மாடிக்கு எடுத்துப் போவோம். மேகமாக இருந்தால் பிள்ளைகள் தட்டைக் காட்டி, இவர்கள் பார்த்துவிட்டார்கள், சிரிக்கிறார்கள் என்று சொல்லும். மறுநாள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் அதில்தான் வைப்போம். மற்ற நாட்களில் உம்மா அதில் தேயிலையை ஊற்றி ஆற்றிக் குடிப்பாள். குடித்துக் குடித்து, விளிம்பின் தங்கக் கோடு ஒரு இடத்தில் உதட்டளவுக்குத் தேய்ந்துவிட்டது. இப்போது நானும் அதே இடத்தில்தான் வாய் வைக்கிறேன்.

போன வருடம் சபீரா ஊருக்கு வந்தபோது அதைப் படம் எடுத்துப் போனாள். பழைய சாமான் சேர்க்கிறவர்கள் பார்க்கும்படி ஃபோனில் போட்டாளாம். மாட்டுங்காவிலிருந்து விசுவநாதன் என்று ஒருவர் பதில் எழுதினார். இந்தச் சாசரின் கோப்பை என்னிடம் இருக்கிறது, அதில் ஏரோப்பிளேன் போட்டிருக்கிறது, இவர்கள் பார்ப்பது அதைத்தான் என்று எழுதியிருந்தார். செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி வைக்கிறோம், சாசரைக் கொடுத்தால் என் அலமாரியில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

எனக்கு இரண்டு ஆசை. அந்தக் கோப்பையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என் சாசரோடு ஊருக்குத் திரும்ப வேண்டும். நோன்புப் பிறைக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதல் ஆசைக்கு ரயில் போதும். இரண்டாவதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். வெளி ஆண்பிள்ளையிடம் மாட்டேன் என்று நான் சொன்னதே கிடையாது. மீன்காரர் கெட்டுப்போன மீனைத் தராசில் போடுவதைப் பார்த்துக்கொண்டே வாங்கி வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தாராவியில் இறங்கினேன். தம்பி காசிம் வீடு தோல் பட்டறைக்கு மேலே இருக்கிறது. கீழே பை தைக்கிறார்கள், மேலே சோறு பொங்குகிறார்கள். இரும்பு ஏணியில் ஏறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாசரைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்ததால் ஒரு கைதான் ஏணிக்கு. பட்டறை ஆட்கள் மிஷினை நிறுத்திவிட்டு நான் ஏறி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் ஒன்றாக எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. மூன்று நாளும் ரயிலைவிட்டு இறங்காதது போலவே இருந்தது.

காசிமின் வீட்டுக்காரி பாத்திமா ஆட்டுக்கறி ஆணமும் இடியாப்பமும் செய்திருந்தாள். எங்கள் ஊர் ருசியேதான், ஆனால் பக்கத்தில் ஒரு தட்டில் பாவ் ரொட்டியும் வைத்தாள். இடியாப்பம் தீர்ந்த பிறகு எல்லோரும் ரொட்டியை ஆணத்தில் முக்கித் தின்றார்கள். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

சாப்பிட்ட பிறகு காசிம் சாசரை வாங்கித் திருப்பிப் பார்த்தான். “ராத்தா, கப்பு இல்லாத சாசரை வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற? படிச்ச மனுசன், கண்ணாடிப் பெட்டியில வைப்பாரு. நீ வச்சிருந்தா ஒருநா கை தவறிப் போயிரும். குடுத்துட்டு வா.”

சபீரா சாசரை அவன் கையிலிருந்து வாங்கித் துண்டில் சுற்றினாள். அவள் ஏதோ கம்பெனி ஆபீசில் இருக்கிறாள், முப்பது வயது. வீட்டில் இந்தியில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானம் ஆவாள். ஜன்னலில் துணி எடுக்கும்போது என்னிடம் மட்டும் கேட்டாள், உங்களுக்குக் கொடுக்க இஷ்டமா மாமி என்று. இல்லை என்றேன். அப்படியென்றால் அதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் சின்னப் பெண் திமிராகப் பேசுகிறாள் என்று போய்விடும் என்றாள்.

சனிக்கிழமை மாட்டுங்கா. தாராவியிலிருந்து டாக்சியில் ஏறி உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்வதற்குள் வந்துவிட்டது. அத்தனை பக்கத்தில் வேறொரு ஊர். தெருவோரம் வாழை இலைக் கட்டு, மல்லிகைப் பந்து, அரைத்த காப்பிப் பொடி வாசனை. கடைப் பலகையில் தமிழைப் பார்த்ததும் நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். சபீராவுக்கு நேரமாகிறது, ஆனால் இழுக்கவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவளும் எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

விசுவநாதன் சார் வீடு இரண்டாம் மாடி. மரப்படி. அவர் ஏதோ ஆபீசில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியாக, வெள்ளைப் பனியனோடு வாசலிலேயே நின்றிருந்தார். “வாங்கோ வாங்கோ. சாசர் பத்திரமா வந்துதா?” என்றார். அவர் சம்சாரம் கோமதி அம்மா பின்னாலிருந்து, “மனுஷா வந்துதான்னு முதல்ல கேளுங்கோ” என்றார்.

காப்பி டம்ளரும் வட்டாவுமாக வந்தது. இவர்கள் வீட்டில் உதட்டில் வைத்துக் குடிப்பார்களா, தூக்கிக் குடிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தூக்கித்தான் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். தூக்கினேன். பாதி தாடையில் வழிந்தது. கோமதி அம்மா துண்டு கொடுத்துவிட்டு, உங்கள் வழக்கப்படி குடியுங்கள், இங்கே யாரும் பார்க்கவில்லை என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார். வட்டாவில் ஊற்றி ஆற்றிக் குடித்தேன். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு சார் அலமாரியைத் திறந்தார். அதை எப்படிச் சொல்வது. கண்ணாடிக் கதவு திறந்ததும் ஒரு கூட்டம் பறவை மரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எல்லாம் ஏரோப்பிளேன். இப்போது பறக்கிற மாதிரி வழவழப்பாக இல்லை. இரண்டு அடுக்குச் சிறகு, நடுவே கம்பி, சைக்கிள் சக்கரம் போலச் சின்னச் சக்கரம். தீப்பெட்டிப் படத்தில் ஒன்று. பிஸ்கட் டப்பாவில் ஒன்று. பவுடர் டப்பா மூடியில் ஒன்று மேகத்துக்குள் பாதி நுழைந்திருந்தது. சட்டைப் பொத்தானில் எறும்பளவு. துணி மூட்டையில் ஒட்டும் காகிதத்தில் ரோஜா மாலைக்கு நடுவே ஒன்று. எனாமல் தாம்பாளத்தில் கடலுக்கு மேலே ஒன்று. கைக்கண்ணாடியின் பின்புறம் ஒன்று.

ஏரோப்பிளேன் புதிதாக வந்த காலத்தில் உலகத்துக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றார் சார். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காதவர்கள் அதை டப்பாவில் வைத்து அடுப்படியில் மிளகு போட்டு வைத்தார்கள். பறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், வீட்டில் வைத்திருந்தவர்கள்தான் எத்தனையோ பேர். அவர் மெதுவாகப் பேசினார். மின்விசிறி சுற்றியது. அந்தச் சின்னச் சிறகுகள் எல்லாம் அசைவது போலவே எனக்குப் பட்டது. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோனது.

கடைசியாகக் கோப்பையை எடுத்தார். வெங்காயத் தோல் போல மெல்லியது. வெளிர் நீல வானம். அதில் மஞ்சள் நிற ஏரோப்பிளேன், தோல் தொப்பி போட்ட ஓட்டி, அவன் கழுத்துத் துணி பின்னால் பறக்கிறது. முப்பது வருடமாக என்னிடம் இருக்கிறது, ஒருவர் வாய் வைத்ததில்லை என்றார். பீங்கானை எச்சில் படுத்தி அடுப்படிக்குள் கொண்டுவரும் வழக்கம் தங்கள் வீட்டில் இல்லை என்றார் கோமதி அம்மா.

நான் துண்டைப் பிரித்தேன். சார் கோப்பையைச் சாசரின் நடுவில் வைத்தார். டிக் என்று ஒரு சத்தம். பல் வரிசையில் பல் உட்கார்ந்தது போல. பிறகு அவர் கோப்பையை ஒரு விரலால் மெல்லச் சுற்றினார். ஏரோப்பிளேன் துரை தலைக்கு மேலே போனது. துரைசாணி தலைக்கு மேலே போனது. தோளில் இருந்த பிள்ளைக்கு மேலே, நாய்க்கு மேலே. அவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். என் உம்மா, உம்மாவின் உம்மா காலத்திலிருந்து கழுத்து வலிக்க நின்றவர்கள் இப்போதுதான் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, எங்கள் பிறை போய்விட்டதே என்ற வருத்தமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். கோமதி அம்மா காதருகே குனிந்து சொன்னேன், அந்த ஓட்டியும் மேலேதான் பார்க்கிறான் என்று. அந்த அம்மா மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “ஏன்னா, பாருங்கோ. இவனும் அண்ணாந்துண்டுன்னா இருக்கான்.”

சார் ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆமாம். முகவாய் உயர்ந்திருந்தது. அவனுக்கு மேலே கோப்பையின் விளிம்பு, அதற்கு மேலே ஒன்றுமில்லை. இத்தனை வருடம் இதைப் பார்க்கவில்லையே என்றார். எதைப் பார்க்கிறான் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

“மூணாம் பிறையா இருக்கும்” என்றார் கோமதி அம்மா. அவர்களும் மூன்றாம் பிறை பார்ப்பார்களாம், பார்த்தால் நல்லதாம். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது சார் கேட்டார், இனி இரண்டையும் பிரிக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டுமா என்று. நான் தலையைக் குனிந்தேன். கூச்சம் வந்தால் எனக்குத் தலை தானாகக் குனியும். நிக்காஹ்வுக்கு என் சம்மதம் கேட்க வந்தபோதும் இப்படித்தான் குனிந்தேன், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். சாரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பதிலுக்கு ஏரோப்பிளேன் படம் போட்ட நூல்கண்டுப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தார். சபீரா என்னைப் பார்த்தாள். படி இறங்கும்போது துண்டு மடியில் லேசாக இருந்தது. துண்டுக்குக் கனமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் காசிம்தான் நல்லது நல்லது என்று சொல்லி ஜிலேபி வாங்கி வரச் சொன்னான். எனக்கு ஜிலேபி இறங்கவில்லை. தேயிலையை டம்ளரில் குடித்தேன். சூடு ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே சபீராவிடம் சொன்னேன், செம்பூருக்குப் போவோம் என்று. அவள் அப்போதே செருப்பைப் போட்டுவிட்டாள்.

சயான் ஸ்டேஷனில் ஏறி அடுத்த ஸ்டேஷன் குர்லாவில் இறங்க வேண்டும். ஒரே ஒரு ஸ்டேஷன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக வண்டிகளைக் குறைத்துவிடுகிறார்கள், மெகா பிளாக் என்கிறார்கள். பெண்கள் பெட்டியில் ஊசி போட இடமில்லை. ஒருத்தி நின்றபடியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குர்லா வந்ததும் சபீரா குதித்தாள். நான் காலை எடுத்து வைப்பதற்குள் ஒரு கூட்டம் உள்ளே வந்து என்னைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. வண்டி நகர்ந்தது. சபீரா பிளாட்பாரத்தில் கூடவே ஓடி வந்தாள், பிறகு தூண் வந்தது, பிறகு அவள் இல்லை.

நான் சத்தம் போடவில்லை. நூல்கண்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் இந்தியும் மராட்டியும். கீரை ஆய்ந்தவள் ஏதோ கேட்டாள். இன்னொருத்தி அதைவிடச் சத்தமாகக் கேட்டாள். அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. “எங்க எறங்கணும்மா உனக்கு?” பாண்டுப்பில் இருக்கிறவளாம், தலையில் கனகாம்பரம், கையில் சமோசாப் பொட்டலம்.

குர்லா என்றேன். அவள் காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

“குர்லாவா? அது போயிடுச்சே. அங்கயே கத்தியிருந்தா நாலு பேரு புடிச்சு எறக்கியிருப்பாங்க. ஊமை மாதிரி நின்னா இந்த வண்டி கல்யாண் வரைக்கும் கொண்டுபோயி விட்டுடும்.”

அவள் தன் வண்டியை விட்டுவிட்டு வித்யாவிஹாரில் என்னோடு இறங்கினாள். சபீராவின் நம்பர் என் பையில் சீட்டில் எழுதியிருந்தது, பாண்டுப்காரியே பேசினாள். பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு சமோசா தின்றோம். அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம், சக்கரம் தெரிய, ஜன்னல் எண்ணலாம் போல, அவ்வளவு தாழ்வாகப் போனது. ஊரில் சத்தம் கேட்டாலே முற்றத்துக்கு ஓடுவோம். இங்கே பிளாட்பாரத்தில் அத்தனை பேரில் ஒருவர் தலை நிமிரவில்லை. நான் மட்டும் அண்ணாந்து நின்றேன். அடுத்தது வந்தது, அதற்கும் அடுத்தது. பாண்டுப்காரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஃபிளைட்டைப் பார்த்ததில்லையா என்று கேட்டாள். சபீரா வந்து சேர்ந்ததும் அவள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து போய்விட்டாள். பெயர் கேட்கவில்லை. என் மறதியில் இதுவும் ஒன்று.

அங்கிருந்து ஆட்டோவில் செம்பூர். பள்ளிக்கூட ஹாலில் வரிசையாக மேஜைகள். ஒருவர் பழைய பூட்டு, ஒருவர் பேனா, ஒருவர் ரயில் டிக்கெட். சாரின் மேஜை நடுவில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கோப்பையும் சாசரும். விளக்குப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் அட்டை வைத்து, பறக்கும் இயந்திரத்தைக் காணும் மக்கள் என்று எழுதியிருந்தது.

சார் எங்களைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்தார். காலையிலிருந்து எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள் என்றார். நான் நூல்கண்டுப் பெட்டியை மேஜையில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் குனிந்துவிடுவேன் என்று தெரியும். அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

“சார், இது உங்க பெட்டி. அது எங்க உம்மா தட்டு. எனக்கு அது வேணும்.”

அவர் நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து மூடினார். பிறகு, “நேத்துத் தலையை ஆட்டினேளே” என்றார்.

“அது சம்மதம் இல்ல சார். கூச்சம்.”

பக்கத்து மேஜைப் பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சபீரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வரும் வாரம் நோன்புப் பிறை, அன்றைக்குத் தட்டு மாடியில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கேட்கும் என்று மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏரோப்பிளேன் என்று தெரிந்த பிறகும் அது எங்களுக்குப் பிறைத் தட்டுதான் என்றும் சொன்னேன்.

சார் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினார். கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். சாசரைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார், அதில் அழுக்கே இல்லை. என் பக்கம் நீட்டினார். நானும் கை நீட்டினேன்.

“நில்லுங்கோ” என்றார் கோமதி அம்மா. “ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனேயா திருப்பிக் குடுக்கறது? ஒரு கல்கண்டாவது வைக்க வேண்டாமா?”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் காலியாகத் திரும்பிப் போனால் அது கோபம் என்று அர்த்தம். அந்த அம்மா கைப்பையைத் துழாவினார். மாத்திரை இருந்தது, குடை இருந்தது. வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இங்கே என்ன இருக்கிறது வைக்க என்று சார் கேட்டார். அந்த அம்மா மேஜையைப் பார்த்தார். மேஜையில் கோப்பை தனியாக இருந்தது.

சாசர் பாதி சார் கையிலும் பாதி என் கையிலும் இருந்தது. பிறகு அவருடைய வலது கை போய்க் கோப்பையை எடுத்து வந்தது. டிக்.

“பெருநாள் முடிஞ்சதும் கொண்டாந்து தாரேன் சார்” என்றேன்.

“அப்போ அதுலயும் ஏதாவது போட்டுக் கொண்டு வரணும், சொல்லிட்டேன்” என்றார் கோமதி அம்மா.

இப்போது ஊரில் இருக்கிறேன். நாளை பிறை பார்க்கும் நாள். கோப்பையும் சாசரும் அலமாரியில் இருக்கின்றன. கோப்பையில் தேயிலை ஊற்றவில்லை, ஊற்றலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். சாசரில் மட்டும் குடிக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்கள் விவரங்களைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். வித்யாவிஹார்தானா, வேறு ஸ்டேஷனா என்பது சபீராவுக்குத் தெரியும். சாசரில் பதினொரு பேர் என்று எழுதிவிட்டேன், நாயைச் சேர்க்காமல். முக்கியமானது ஒன்று. கோப்பையை வைத்தபோது நான் சாரின் கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. சபீரா அவர் சிரித்தார் என்கிறாள், ஆனால் அவள் என் மனம் நோகாமல் இருக்க எதையும் சொல்வாள். மாட்டுங்கா பக்கம் யாராவது இருந்தால், கோமதி அம்மாவிடம் தனியாகக் கேட்டு, சார் மனதாரத்தான் வைத்தாரா என்று எழுதிப் போடுங்கள். இல்லை என்றால் பெருநாள் வரை காத்திருக்க மாட்டேன், அடுத்த வண்டியிலேயே அனுப்பிவிடுகிறேன். கோப்பையை மட்டும்.